பீரியட்ஸ் ஆப்பில் ஒற்றைத் தேதி காட்டலாமா?

நீலக்குடை: மாதவிடாய் கணக்கு வைக்கும் ஆப் ஒன்றுக்குத் திரை வடிவமைக்கும் குழுவில் இருக்கிறேன். முதல் திரையில் பெரிய வட்டம் போட்டு, "அடுத்த பீரியட்ஸ் 17, கருமுட்டை வெளியாகும் நாள் 3" என்று காட்டுகிறோம். அதை எடுத்துவிட்டு "15 முதல் 20-க்குள்" என்று காட்ட வேண்டும் என்கிறேன். குழுவில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அரைத்தூக்கம்: நானும் அந்தப் பாதியில்தான். காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஆப்பைத் திறப்பவள் நான். இன்றைக்குப் பையில் நாப்கின் வேண்டுமா, வேண்டாமா? அவ்வளவுதான் கேள்வி. "15 முதல் 20" என்று விரல் விட்டு எண்ண எனக்கே தெரியும்.

தாதி_அக்கா: பீரியட்ஸ் தேதி இரண்டு நாள் பிசகினால் ஒரு உடை பாழாகும், அவ்வளவுதான். கருமுட்டைத் தேதி அப்படியா? பலருக்கும் முட்டை வெளியான பிறகு வரும் பாதி ஓரளவு நிலையாக இருக்கும். நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் அதற்கு முந்தைய பாதி. 2019-ல் நேச்சுரல் சைக்கிள்ஸ் ஆப்பில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்தார்கள். சராசரி 29.3 நாள். சரியாக 28 நாளில் முடிந்தவை 13 சதவீதம்தான். காலண்டரை மட்டும் வைத்து 14-ம் நாளில் வட்டம் போடும் ஆப், யாரோ ஒரு பெண்ணின் கணக்கை உங்கள் தலையில் கட்டுகிறது.

உடல் வெப்பம் ஏறுவதும் முட்டை வெளியான பிறகுதான். அதனால் வெப்பமானி வைத்திருந்தாலும் முன்கூட்டிக் காட்டும் தேதி ஊகமே.

அரைத்தூக்கம்: சரி அக்கா, கருமுட்டைக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் காட்டட்டும். என் பீரியட்ஸ் தேதியில் கை வைக்க வேண்டாம்.

பொறுமைக்கல்: எனக்கு வட்டத்தைவிட நிறம்தான் உறுத்துகிறது. குழந்தைக்காகக் காத்திருந்தபோது நான் வைத்திருந்த ஆப், வாய்ப்புள்ள ஆறு நாளைப் பச்சையிலும் மற்ற நாட்களை வெளிர் சாம்பலிலும் காட்டியது. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டை ஏறக்குறைய ஒரு நாள். ஆறு நாள் என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. ஆனால் கர்ப்பத்தைத் தள்ளிப்போடும் என் தோழி அதே ஆப்பை வைத்துக்கொண்டு சாம்பல் நாட்களை "பாதுகாப்பு" என்று படித்தாள். அந்தச் சொல் ஆப்பில் எங்கும் இல்லை. நிறம் சொல்லிவிட்டது.

தாதி_அக்கா: அதேதான். நேச்சுரல் சைக்கிள்ஸுக்கு 2018-ல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கருத்தடை ஆப்பாக அனுமதி தந்தது. தினமும் வெப்பம் பார்த்துப் பதிய வேண்டும். அப்படியும் வழக்கமான பயன்பாட்டில் 93 சதவீதம்தான். அதாவது ஓராண்டில் 100 பேரில் 7 பேர் கர்ப்பமாகலாம். வெறும் தேதி எண்ணும் ஆப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அனுமதியும் கிடையாது. நேச்சுரல் சைக்கிள்ஸில் பச்சை என்றால் கருத்தரிக்காத நாள், சிவப்பு என்றால் வாய்ப்புள்ள நாள். பொறுமைக்கல் வைத்திருந்ததில் பச்சைக்கு நேர் எதிர்ப் பொருள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர் கதி என்ன?

நீலக்குடை: இது எனக்குத் தோன்றவே இல்லை. குறித்துக்கொண்டேன்.

கடவுச்சொல்: எல்லாரும் நிறத்திலேயே நிற்கிறீர்கள். பயனர்களின் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக ஃப்ளோ என்ற பீரியட்ஸ் ஆப் மீது அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி எடுத்த வழக்கு 2021-ல் சமரசத்தில் முடிந்தது, மறந்துவிட்டதா? முதல் திரையிலேயே மின்னஞ்சல் கேட்பதை நிறுத்துங்கள்.

நீலக்குடை: எங்கள் ஆப்பில் கணக்கு தொடங்காமலே பயன்படுத்தலாம். இப்போதைக்கு அதை விடுங்கள்.

பொறுமைக்கல்: இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது வாரத்தில் எனக்குக் கரு கலைந்தது. ஆப்பில் "கர்ப்பம்" என்பதை அணைக்க செட்டிங்ஸுக்குள் நான்கு படி இறங்க வேண்டியிருந்தது. அங்கே இருந்தவை இரண்டே பொத்தான்கள்: "குழந்தை பிறந்துவிட்டது", "பதிவை அழி". எதை அழுத்துவது? எதையும் அழுத்தாமல் விட்டேன். பன்னிரண்டாவது வாரம் "உங்கள் செல்லத்துக்கு விரல்கள் வந்துவிட்டன" என்று செய்தி வந்தது.

அரைத்தூக்கம்: ஐயோ. மன்னியுங்கள், இதற்கு நான் வாதாட வரவில்லை.

ஒழுங்கற்றவள்: எனக்கு பிசிஓஎஸ், பீரியட்ஸை ஒழுங்கில்லாமல் ஆக்கும் ஹார்மோன் கோளாறு. சுழற்சி 24 நாளிலும் முடியும், 70 நாளும் ஓடும். நீலக்குடை, எனக்கு "15 முதல் 20" என்பதும் பொய்தான். ஆறு வாரத்துக்கு நீளமாக ஒரு பட்டை போடுவீர்களா? கணிக்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

அரைத்தூக்கம்: தெரியாது என்று சொல்லும் ஆப்பை யார் போனில் வைத்திருப்பார்கள்?

ஒழுங்கற்றவள்: நான் வைத்திருப்பேன். இப்போது என்ன காட்டுகிறது தெரியுமா? "12 நாள் தாமதம்", சிவப்பு எழுத்தில். ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும், ஒவ்வொரு முறையும் கர்ப்பச் சோதனை. நான் தாமதமாகவில்லை. தப்பாகக் கணித்தது அது. பழியை மட்டும் என் உடம்பின் மேல் போடுகிறது.

அரைத்தூக்கம்: அது நியாயம். எனக்கு 28, 29 என்றே வருவதால் இதை யோசித்ததில்லை. அப்படியென்றால் கடந்த ஆறு சுழற்சியும் ஒரே மாதிரி இருந்தவர்களுக்கு மட்டும் ஒற்றைத் தேதி காட்டலாமே?

நீலக்குடை: அது செய்யக்கூடியதுதான். "தாமதம்" என்பதற்குப் பதில் என்ன எழுதலாம்?

ஒழுங்கற்றவள்: "எங்கள் கணிப்பு தவறிவிட்டது."

அரைத்தூக்கம்: உங்கள் மேலாளர் விட்டுவிடுவாராக்கும்!

நீலக்குடை: திங்கட்கிழமை கூட்டம் இருக்கிறது. பொறுமைக்கல், அந்த இரண்டு பொத்தான் விஷயத்தையும் உங்கள் பெயரைச் சொல்லாமல் அங்கே படித்துக் காட்டலாமா?

பொறுமைக்கல்: காட்டுங்கள்.