சுருக்கிய டிஸ்க்கில் வேலை பார்த்தவர்கள் உண்டா?

ஜிப் கோப்பைச் சொல்லவில்லை. அதை நாமே பிரிக்க வேண்டும், நாமே மூட வேண்டும். சுருங்கிக் கிடப்பதே தெரியாமல் நிரல்கள் ஓடும் ஏற்பாட்டைக் கேட்கிறேன். என் பங்கை முதலில் வைத்துவிடுகிறேன்.

1993இல் மைக்ரோசாஃப்டின் இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 6.0 வந்தபோது, அதனுடன் டிஸ்க்கைச் சுருக்கும் டபுள்ஸ்பேஸும் வந்தது. நான் வேலை பார்த்த கணினி மையத்தில் 40 எம்.பி. ஹார்டு டிஸ்க்குகள்தான். நிறுவி முடித்ததும் கிட்டத்தட்ட இரு மடங்கு இடம் காட்டியது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். உள்ளே நடந்தது இதுதான்: சி டிரைவில் இருந்த அத்தனையும் ‘டிபிஎல்ஸ்பேஸ்.000’ என்ற ஒரே மறைகோப்புக்குள் போய்விடும். உண்மையான டிஸ்க் வேறோர் எழுத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடும். கடிதம் தட்டச்சும் வேர்ட்ஸ்டார் நிரல் ஒரு கோப்பைக் கேட்டால், நடுவில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் என்ற சிறு நிரல் அதை விரித்துக் கொடுக்கும். வேர்ட்ஸ்டாருக்கு ஒன்றும் தெரியாது.

வேடிக்கையெல்லாம் காலியிடக் கணக்கில்தான். இனி வரப்போகும் கோப்பு எவ்வளவு சுருங்கும் என்று யார் கண்டார்கள்? பாதியாகும் என்று தானே வைத்துக்கொண்டு ஒரு தொகையைக் காட்டும். 1 எம்.பி. ஜிப் கோப்பை நகலெடுத்தால் காலியிடம் 2 எம்.பி. குறையும், ஏனென்றால் ஏற்கெனவே சுருங்கியது மேலும் சுருங்காது. வைரஸ் புகுந்துவிட்டது என்று பதறிய மாணவர்கள் உண்டு. ‘டிர் /சி’ என்று அடித்து ஒவ்வொரு கோப்பின் விகிதத்தையும் காட்டிய பிறகே அடங்குவார்கள்.

பலர் கவனிக்காத லாபம் ஒன்று இருந்தது. அந்த அளவு டிஸ்க்கில் நான்கு வரி பேட்ச் கோப்பும் 2 கே.பி.யை அடைத்துக்கொள்ளும். டபுள்ஸ்பேஸ் 512 பைட் கணக்கில் இடம் ஒதுக்கியது. சின்னக் கோப்புகள் சுருங்காமலே இடம் மிச்சமாயிற்று.

விலை? 640 கே.பி. நினைவகத்தில் 40 கே.பி.க்கு மேல் அந்த டிரைவருக்கே போய்விடும். எல்லாமே ஒரே கோப்பில் இருந்ததால் மின்சாரம் போகும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். டாஸ் 6.2இல் டிஸ்க்கின் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் ஸ்கேன்டிஸ்க் வந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

இதற்குள், இதே போல டிஸ்க்கைச் சுருக்கும் ஸ்டாக்கர் மென்பொருளின் சொந்தக்காரர்களான ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் மைக்ரோசாஃப்ட் மீது காப்புரிமை வழக்குப் போட்டிருந்தார்கள். 1994இல் ஜூரி அவர்களுக்கு 12 கோடி டாலர் தீர்ப்பளித்தது. 6.21இலிருந்து டபுள்ஸ்பேஸ் காணாமல் போய், 6.22இல் டிரைவ்ஸ்பேஸ் என்ற பெயரில் வேறு முறையுடன் திரும்பியது.

*

ஐயா, அது பழங்கதை அல்ல. என் மடிக்கணினியில் மொத்தமே 32 ஜி.பி. விண்டோஸ் 10இல் ‘கம்பாக்ட்’ கட்டளையை எல்இசட்எக்ஸ் முறையில் கொடுத்து பெரிய நிரல்களின் கோப்புறைகளைச் சுருக்கி வைத்திருக்கிறேன். விண்டோஸின் வழக்கமான சுருக்கத்தில் ஆவதுபோல் கோப்பின் பெயர் நீல நிறத்துக்கு மாறாது. பண்புகள் சாளரத்தில் ‘அளவு’, ‘டிஸ்க்கில் அளவு’ இரண்டையும் ஒப்பிட்டால்தான் தெரியும். மெதுவான சேமிப்பகத்தில் நிரல் முன்பைவிடச் சற்று விரைவாகவே திறக்கிறது. படிக்க வேண்டிய பைட்டுகள் குறைவு. விரிக்கும் வேலை பிராசஸருக்குத் தூசு.

ஆனால் இது படிப்பதற்கு மட்டுமான ஏற்பாடு. அப்படிச் சுருக்கிய கோப்பில் எதையாவது எழுதப் போனால் முழுக் கோப்பும் விரிந்து பழைய அளவுக்கு வந்துவிடும். அப்டேட் வந்த மறுநாள் இடம் எங்கே போயிற்று என்று தேட வேண்டாம், மறுபடியும் கட்டளையை ஓட்டுங்கள்.

*

இயங்கு கோப்பை மட்டும் சுருக்கும் வழியை யாரும் சொல்லவில்லையே. 1989இல் அப்படிச் சுருக்கும் எல்இசட்இஎக்ஸ்இ நிரலை எழுதிய ஃபேப்ரிஸ் பெல்லார்டுக்கு அப்போது 17 வயது. பின்னாளில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளைத் தொடங்கியவரும் அவரே. இன்று அந்த இடத்தில் யுபிஎக்ஸ் இருக்கிறது. ஒரு சிறு பயன்பாட்டை அதில் பேக் செய்து வாடிக்கையாளருக்கு அனுப்பினேன். அவர்களுடைய ஆன்டிவைரஸ் அதை வாசலிலேயே பிடித்து வைத்துக்கொண்டது. தீநிரல் எழுதுபவர்களும் இதே பேக்கரைப் பயன்படுத்துவதால் வந்த வினை.

எனக்கு அதைவிடப் பெரிய குறை நினைவகம். சாதாரண நிரலைப் பத்துப் பேர் ஒரே சர்வரில் திறந்தால் நினைவகத்தில் ஏறிய அதன் குறியீட்டுப் பக்கங்களை எல்லோருக்கும் பொதுவாக இயங்குதளம் வைத்துக்கொள்ளும். பேக் செய்த நிரலோ ஒவ்வொரு முறையும் தனக்கென்று தனியாக விரிந்து உட்காரும். டிஸ்க்கில் மிச்சம் பிடித்ததை ரேமில் பத்து மடங்காகக் கொடுக்க வேண்டியிருக்கும். சர்வரில் இடம் போதவில்லை என்றால் கோப்பு முறைமையே சுருக்கட்டும். லினக்ஸில் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை அதை இசட்எஸ்டிடி என்ற சுருக்க முறை கொண்டு செய்கிறது, பக்கங்களும் பொதுவாகவே இருக்கும்.