வாக்குரிமையும் தோட்டப் பள்ளிக்கூடமும்: பழைய இடாப்புகள் (பதிவேடுகள்) யாரிடமாவது இருக்கிறதா?

அண்ணாமாரே, அக்காமாரே, ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். பட்டப்படிப்பு ஆய்வுக்காக இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான நம் மலையகத்தையும் மொரீஷியஸையும் ஒப்பிடுகிறேன். மொரீஷியஸில் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகள் 1959 தேர்தலிலேயே வாக்களித்தார்கள், 1977இல் இடைநிலைக் கல்வியும் இலவசமானது. இங்கே 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய நம் சனம், 1948 குடியுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் வாக்கில்லாமல் நின்றது, தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்கவே 1970கள் ஆனது. என் அப்பாயி முதல் வாக்குப் போடும்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்.

இங்கே கல்வி பின்தங்கியதற்கு வாக்கு போனதுதான் காரணமா, தோட்ட நிர்வாக முறையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1950–80 காலத்துப் பள்ளிக்கூட வரவு இடாப்பு, வாக்காளர் இடாப்பு எது இருந்தாலும் சொல்லுங்கள், எந்தத் தோட்டமானாலும் வந்து படமெடுத்துக்கொள்கிறேன்.