19 வயசுப் பையனா, 41 ஹோம் ரன்னா? மைனர் லீக் ஆட்டக்காரனை நீங்க எப்படி எடை போடுறீங்க?

தக்கலைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு ராத்திரி 9 மணிக்குள்ள நான் ஒரு முடிவு சொல்லியாகணும், அதான் இங்க வந்து கேக்குறேன்.

நாங்க எட்டு பேர் சேர்ந்து அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்னு, பேஸ்பால் டீமை நிர்வகிக்கிற கம்ப்யூட்டர் கேம்ல ஒரு பழைய காலத்து லீக் நடத்துறோம். 1946 சீசன்ல தொடங்கினது, இப்போ 1954 முடிஞ்சு டிரேட் (ஆட்டக்காரங்களை மாத்திக்கிறது) நடக்கிற நேரம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை லீக்கை நடத்துற கமிஷனர் அண்ணன் திங்கள்சந்தையில அவருக்க வீட்டுல இருந்து கேமை ஓட்டுவார். ஆட்டக்காரங்க பேரெல்லாம் நிஜப் பேரு. ஆனா நிஜ வாழ்க்கையில அவங்க எடுத்த ரன்னை வச்சு வருஷா வருஷம் திறமையைத் திருத்துற வசதியை நாங்க அணைச்சு வச்சிருக்கோம். உள்ள வந்த பிறகு வளர்றதும் தேயறதும் கேமுக்க கையில.

எனக்க டீமுல 34 வயசு இடதுகை பிட்சர் (பந்து வீசுறவன்) ஒருத்தன் இருக்கான். போன சீசன் 19 ஆட்டம் ஜெயிச்சுக் குடுத்தான். அவனைக் கேட்டு கருங்கல் அண்ணன் வந்திருக்கார். பதிலுக்கு, மேஜர் லீக்குங்கிற உச்ச லீக்குக்குக் கீழ ஆடுற அவருக்க மைனர் டீம்கள்ல இருந்து ரெண்டு பேர்ல ஒருத்தனை எடுத்துக்கச் சொல்றார்.

பெரியவன்: வயசு 25, கிளாஸ் சி (மைனர்ல கீழ் மட்டம்). சராசரி .338 (ஆயிரத்துக்கு 338 ஹிட்), ஹோம் ரன் (சுவரைத் தாண்டுற அடி) 41. ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக்குல அவுட் ஆகுறது) 138, வாக் (நாலு தப்புப் பந்து வந்தா சும்மா முதல் பேஸ் போறது) 40.

சின்னவன்: வயசு 19, டபுள் ஏ (மேஜருக்கு ரெண்டு படி கீழ). சராசரி .271, ஹோம் ரன் 6, டபுள் (ரெண்டாவது பேஸ் வரை போற அடி) 31. ஸ்ட்ரைக் அவுட் 48, வாக் 71.

ரெண்டு பேரும் லெஃப்ட் ஃபீல்டு. ஸ்கவுட் (திறமையைக் கணிக்கிறவர்) ரிப்போர்ட்டுல பெரியவனுக்கு பவர் (தூரமா அடிக்கிற பலம்) 65, சின்னவனுக்கு இப்போ 40, வருங்காலத்துக்கு 55. எங்க குரூப்புல கேட்டா எல்லாரும் 41-ஐ எடுன்னு ஒரே சத்தம்.

எனக்கு பயம் ஏன்னா, மூணு சீசனுக்கு முன்னால நான் பேரைப் பார்த்து ஒருத்தனை வாங்கினேன். நிஜத்துல ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பால் சாதனையாளர்களுக்கான கௌரவப் பட்டியல்) போன பிட்சர். அவனுக்காக நல்லா ஆடிக்கிட்டிருந்த ஷார்ட்ஸ்டாப்பையும் (உள்வட்ட ஃபீல்டர்) ஒரு கேட்சரையும் (விக்கெட் கீப்பர் மாதிரி) குடுத்தேன். நம்ம லீக்ல அவன் 22 வயசுல முழங்கை போய், திரும்பி வந்தப்போ பந்துல வேகமே இல்லை. அந்த ஷார்ட்ஸ்டாப் இன்னைக்கும் எனக்கு எதிரா ஆடுறான். அதுக்குப் பிறகு ஒரு பச்சை அட்டை கணக்கு நோட்டுல ஒவ்வொரு மைனர் ஆட்டக்காரனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிட்டு வாறேன். ஆனா எந்தக் கட்டத்தை முதல்ல பாக்கணும்னுதான் இன்னும் பிடிபடல. தெரிஞ்சவங்க சொல்லித் தாங்க.


முப்பந்தல் காத்து:

அண்ணே, 41-ஐ விடுங்க. அந்த 41 எந்த கிரவுண்டுல அடிச்சதுன்னு முதல்ல பாருங்க.

நான் ஆரல்வாய்மொழி. ஆடி மாசம் எங்க ஊர்ல கிரிக்கெட் ஆடினவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். கணவாய் வழியா மேக்க இருந்து காத்து அடிக்கும். கிழக்கப் பாத்துத் தூக்கினா எட்டாம் கிளாஸ் பையனும் சிக்ஸ் அடிப்பான். அதே அடியை மேக்கப் பாத்து அடிச்சா பந்து நின்னு, மிட் ஆன்ல நிக்கிறவன் கையில வந்து விழும். எங்க டீம்ல டாஸ் ஜெயிச்சா எந்தப் பக்கத்துல இருந்து பந்து போடுறதுன்னுதான் முதல்ல பேசுவோம்.

ஜோ பாமன் கதை தெரியுமா? 1954-ல ராஸ்வெல் டீமுக்காக லாங்ஹார்ன் லீக்ல 72 ஹோம் ரன். சராசரி .400. 2001-ல பாரி பாண்ட்ஸ் 73 அடிக்கிற வரைக்கும் தொழில்முறை பேஸ்பால்ல ஒரு சீசனுக்கு அதுதான் உச்சம். ஆனா அவர் மேஜர் லீக்ல ஒரு ஆட்டம் கூட ஆடல. நியூ மெக்ஸிகோவுல அந்த ஊரு கடல் மட்டத்துல இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல, காத்து லேசு, பந்து பறக்கும். லீக்கும் கிளாஸ் சி. அவருக்கு வயசு 32.

இதுக்கு நேர் எதிர் ஜெஃப் பேக்வெல். 1990-ல நியூ பிரிட்டன்ல டபுள் ஏ ஆடினப்போ சராசரி .333, ஹோம் ரன் வெறும் 4. அந்த கிரவுண்டுல பந்து வெளிய போறது கஷ்டம். பாஸ்டன் அவரை அந்த ஆகஸ்ட்டுல லாரி ஆண்டர்சன்னு ஒரு ரிலீஃப் பிட்சருக்காக (ஆட்டத்துக்கு நடுவுல வந்து பந்து வீசுறவர்) ஹூஸ்டனுக்குக் குடுத்தாங்க. மறு வருஷமே சிறந்த புதுமுகம் விருது, 1994-ல எம்.வி.பி. (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது, கடைசியில 449 ஹோம் ரன். உங்க சின்னவனுக்க 31 டபுளைப் பாத்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. 19 வயசுல சுவர்ல பட்டு விழுறது, உடம்பு தேறினா சுவரைத் தாண்டும்.

ரெண்டு பேருக்கும் வெளியூர் கிரவுண்டு கணக்கைத் தனியா எடுத்துப் பாருங்க. கேம்ல அது கிடைக்கும்.


குலசேகரம் தோட்டம்:

கிரவுண்டு கதை சரிதான். ஆனா எனக்குப் பாத்தா வயசுதான் முதல்ல.

எங்க வீட்டுல ரப்பர். ஒட்டுத் தை நட்டா ஏழு வருஷத்துல வெட்டுக்கு வரும்னு பொதுவா சொல்லுவாங்க. ஆனா வருஷத்தை எண்ணிக்கிட்டு யாரும் கத்தியை வைக்க மாட்டாங்க. ஒட்டு வச்ச இடத்துல இருந்து 125 சென்டிமீட்டர் உயரத்துல டேப்பைப் பிடிச்சா சுத்தளவு 50 சென்டிமீட்டர் வரணும். அஞ்சரை வருஷத்துல 48 வந்து நிக்கிற மரமும் உண்டு, ஒன்பது வருஷத்துல 50 தொட்ட மரமும் உண்டு. அளவு ஏறக்குறைய ஒண்ணுதான், ஆனா எந்த மரம் நாளைக்கு அதிகம் பால் தரும்னு எங்க அப்பா தூரத்துல நின்னே சொல்லுவார்.

உங்க லீக் காலத்து ஏணியைப் பாருங்க. டி, சி, பி, ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. சி-ல இருந்து மேஜருக்கு அஞ்சு படி. பெரியவன் 25 வயசுல அஞ்சு படிக்குக் கீழ நின்னு, தன்னை விட நாலஞ்சு வயசு இளைய பிட்சர்களை அடிக்கிறான். சின்னவன் ரெண்டு படிக்குக் கீழ, தன்னை விட நாலஞ்சு வயசு மூத்தவங்ககிட்ட .271 எடுக்கிறான். இந்த ரெண்டு சராசரியையும் ஒரே தட்டுல வைக்கவே கூடாது.

ராபர்ட்டோ கிளெமென்டே 1954-ல மான்ட்ரியல்ல டிரிபிள் ஏ ஆடினப்போ வயசு 19, ஆகஸ்ட்டுலதான் 20 ஆச்சு. சராசரி .257, ஹோம் ரன் 2. அதுவும் பெரும்பாலும் பெஞ்சுலதான் உட்கார வச்சாங்க. 4,000 டாலருக்கு மேல போனஸ் வாங்கின பையனை மேஜர் டீம்ல வைக்கலைன்னா மத்த டீமு தூக்கிடலாம்னு அப்போ விதி. அவனுக்கு 10,000 குடுத்திருந்தாங்க. அந்த நவம்பர்ல பிட்ஸ்பர்க் தூக்கினாங்க. பிறகு 3,000 ஹிட். .257-ஐ மட்டும் பாத்தவனுக்கு அந்தப் பையன் கண்ணுல பட்டிருக்கவே மாட்டான்.

இன்னொண்ணு, வாக்கும் ஸ்ட்ரைக் அவுட்டும். 71-க்கு 48! 19 வயசுல, டபுள் ஏ-ல! இது எனக்கு 41 ஹோம் ரன்னை விடப் பெரிசு. பந்து ஸ்ட்ரைக் ஸோனுக்கு (சரியான பந்துக்கான எல்லை) உள்ளயா வெளியயான்னு அவனுக்குத் தெரியுது. பெரியவன் நாலு தடவை வந்தா ஒரு தடவை ஸ்ட்ரைக் அவுட். கிளாஸ் சி பிட்சரே இப்படி ஏமாத்துறான்னா, மேல உள்ளவங்க கர்வ் பால் (வளைஞ்சு வர்ற பந்து) போட்டே அவனை வீட்டுக்கு அனுப்பிருவாங்க.


வடசேரி 1976:

இவங்க ரெண்டு பேரும் சொன்னதுல பாதிக்குத்தான் எனக்கு சம்மதம்.

வயசை மட்டும் வச்சு ஒருத்தனை ஒதுக்காதீங்க. வேட் பாக்ஸ் 1976-ல டிராஃப்ட் (டீமுங்க புது ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கிறது) ஆகி ஆறு வருஷம் மைனர்லயே கிடந்தார். பவர் இல்ல, ஃபீல்டிங் சுமார்னு சொல்லி மேல ஏத்தல. 1982-ல ஏத்தினப்போ .349 அடிச்சார், இன்னைக்கு ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்கார். என்னோட பேர்ல இருக்கிற 1976 அதுக்காகத்தான். பெரியவன் ஏன் இன்னும் சி-ல கிடக்கிறான்? கருங்கல்காரர் டீம்ல மேல இடம் இல்லாமலா, இல்ல அவனால முடியாமலா? பழைய சீசன் கணக்கைத் திறந்தா தெரியும்.

அதே நேரம் ஸ்கவுட் நம்பரை வேதவாக்கா எடுக்காதீங்க. வருங்காலம் 55-ன்னு போட்டிருந்தா அது ஸ்கவுட்டுக்க கணிப்பு, அவ்வளவுதான். காயம் வர வாய்ப்பும் உழைப்புக் குணமும் என்னன்னு கண்டிப்பா பாருங்க. ஸ்டீவ் டால்கோவ்ஸ்கின்னு ஒரு பிட்சர், அவர் மாதிரி வேகம் யாருக்கும் இல்லன்னு பாத்தவங்க எல்லாரும் சொன்னாங்க. 1960-ல ஸ்டாக்டன்ல 170 இன்னிங்ஸ், 262 ஸ்ட்ரைக் அவுட், 262 வாக். ரெண்டும் ஒரே எண்ணிக்கை. 1963-ல கட்டுப்பாடு பைய வரத் தொடங்கின நேரம் முழங்கை போச்சு. மேஜர்ல ஒரு பந்து போடல.

நான் உங்க இடத்துல இருந்தா சின்னவனைத்தான் எடுப்பேன். ஆனா 19 ஜெயிச்ச பிட்சரைக் குடுத்துட்டு வர்ற வருஷம் யாரை வச்சு ஆடுவீங்கன்னு யோசிச்சீங்களா?


தக்கலைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி நல்ல மழை, ரெண்டு தடவை கரண்ட் போச்சு. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல நோட்டுல கணக்குப் போட்டு, கரண்ட் வந்ததும் கேம்ல சரி பார்த்தேன்.

முப்பந்தல் தம்பி சொன்ன மாதிரி வெளியூர் கணக்கை எடுத்தேன். பெரியவனுக்க 41-ல 29 சொந்த கிரவுண்டுல. வெளிய 12தான், சராசரியும் .290-க்குக் கீழ. சின்னவனுக்கு உள்ளூரும் வெளியூரும் ஏறக்குறைய ஒண்ணு.

வடசேரி அண்ணன் கேட்டதுக்கு: பெரியவன் 1952-ல கிளாஸ் பி போயிருக்கான். 60 ஆட்டத்துல .211 எடுத்து திரும்ப சி-க்கு வந்துட்டான். இடம் இல்லாம நின்னவன் இல்ல. சின்னவனுக்கு உழைப்புக் குணம் உயர்வுன்னு போட்டிருக்கு, காய வாய்ப்பு சாதாரணம்.

குலசேகரம் அண்ணே, உங்க டேப் கதையைப் படிச்சதும் நோட்டுல ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல புதுசா ஒரு வரி கோடு போட்டேன். வயசு, அந்த லீக்ல மத்தவங்களுக்க சராசரி வயசு, ரெண்டுக்கும் வித்தியாசம். மத்ததெல்லாம் அதுக்குக் கீழ.

பிட்சர் விஷயம்: அவனுக்க ஸ்ட்ரைக் அவுட் மூணு சீசனா இறங்கிட்டே வருது. 19 வெற்றியைப் பாத்துட்டு நானும் அதைக் கவனிக்காம விட்டுட்டேன். இந்த விலை அடுத்த வருஷம் கிடைக்காது. வர்ற சீசன் நாலாவது அஞ்சாவது இடத்துல நின்னாலும் எனக்கு சம்மதம்.

சாயங்காலம் கருங்கல் அண்ணனைக் கூப்பிட்டு சின்னவன் போதும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. பிறகு, அவனைத் தரணும்னா உனக்க ரெண்டாவது கேட்சரையும் சேர்த்துத் தா மக்கான்னார். அந்த கேட்சருக்கு 31 வயசு. குடுத்துட்டேன். 8.50-க்கு கமிஷனர் அண்ணன் ஒப்புதல் போட்டார். ஏப்ரல்ல சின்னவன் எனக்க டிரிபிள் ஏ டீமுல லெஃப்ட் ஃபீல்டு, பேட்டிங்ல ரெண்டாவது இடம்.