ஆஸ்பத்திரியில் நிற்க மாட்டாள், வாசலில் பாண்டி ஆடுகிறாள்

பல்லடம் அம்மா:
மகளுக்கு நாலு வயசு மூணு மாசம். போன வாரம் ஒரு ஆஸ்பத்திரியில வளர்ச்சி சோதனை பண்ணினாங்க. ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னா ரெண்டு செகண்டுல காலை ஊனிட்டா. நொண்டி அடிக்கவே மாட்டேன்னுட்டா. தினம் சாயங்காலம் வாசல்ல பாண்டி ஆடுறவ! அப்போ மதியம் ஒண்ணரை மணி, அவ தூங்கற நேரம். வழுவழு டைல்ஸ், கால்ல சாக்ஸ். பக்கத்து ரூம்ல ஊசி போட்ட குழந்தை வீறிட்டு அழுதுட்டு இருந்துச்சு. 'பேலன்ஸ் வயதுக்குக் குறைவு'ன்னு எழுதிட்டாங்க. இடத்தால இவ்வளவு மாறுமா, இல்ல நானே மனசைத் தேத்திக்கிறேனா?

ஓடி அக்கா:
மாறும்மா. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (சுருக்கமா ஓடி), குழந்தைங்க அன்றாட வேலைகளைத் தானா செய்யப் பயிற்சி கொடுக்கறவ. சாக்ஸோட டைல்ஸ்ல ஒத்தைக் கால்ல நீங்களே நின்னு பாருங்க! குழந்தைங்களோட கை, கால் அசைவுத் திறனைப் பார்க்கற மூவ்மென்ட் ஏபிசி-2 சோதனையில காசை ஒவ்வொண்ணா பெட்டிக்குள்ள போட வெச்சு நேரம் பார்ப்போம். நாற்காலி உயரமா இருந்து கால் தொங்கினா, உடம்பை ஆடாம வெச்சுக்கறதுலயே குழந்தைக்குப் பாதி கவனம் போயிடும், கை தானா மெதுவாகும். என் பழைய ரூம் தடுப்பூசி வரிசைக்குப் பக்கத்துல இருந்துச்சு. அங்க வந்த பாதிப் பேர் அம்மா சேலையை விட்டு வெளியே வரலை. மேல சொல்லி ரூமை மாத்தவே ஒரு வருஷம் ஆச்சு, அது தனிக் கதை.

டென்வர்-2ன்னு சின்னக் குழந்தைங்களுக்கான வளர்ச்சி சோதனை ஒண்ணு இருக்கு. அதுல 'சந்தேகம்'னு வந்தா, ஒண்ணு ரெண்டு வாரத்துல திரும்பப் பார்க்கணும்னு விதியே இருக்கு. களைப்பு, பயம், காய்ச்சல் மாதிரி தற்காலிகக் காரணம் இருக்கலாமேன்னுதான்.

ஆனா வீட்டுல பார்த்ததையும் அப்படியே நம்பிடாதீங்க. பத்துத் தடவை விழுந்தது மறந்துடும், ஒரு தடவை நின்னதுதான் நமக்கு ஞாபகம் இருக்கும். சுவரைத் தொடாம நிக்கறாளான்னு வீடியோ எடுங்க.

அங்கன்வாடி டீச்சர்:
எங்க சென்டர்ல மண் தரை. புதுசா யாராவது வந்து நோட்டோட உக்காந்தா, எல்லாப் பிள்ளையும் சிலையாயிடும். அரை மணி விளையாட விட்டுட்டுக் கேட்டா, கேக்காததையும் செஞ்சு காட்டும். ஒண்ணு மட்டும் கவனிங்க: தரையிலிருந்து எந்திரிக்கும்போது தொடையில கை ஊனி எந்திரிச்சாலோ, முன்னாடி செஞ்சதை இப்போ செய்ய முடியலைன்னாலோ இடத்தைக் குறை சொல்லிட்டு இருக்காம உடனே டாக்டர்கிட்ட போங்க.

பல்லடம் அம்மா:
அந்த மாதிரி எதுவும் இல்லை டீச்சர். இன்னைக்குக் காலைல பத்து மணிக்கு மறுபடி போனோம். வெறுங்கால், ரப்பர் பாய், முதல்ல கொஞ்ச நேரம் பந்து விளையாட்டு. ஆறு செகண்ட் நின்னா, நொண்டியும் அடிச்சா. ஆனா மணி கோக்கறதுல ரொம்பத் தடுமாறினா. வீட்டுக்கு வந்து கொடுத்துப் பார்த்தேன், இங்கயும் அப்படித்தான்.

ஓடி அக்கா:
அப்ப அது தரையோட குத்தம் இல்லை. எந்தக் கையால கோக்கறா, நூலைக் கண்ணுக்கு எவ்வளவு கிட்ட கொண்டு போறான்னு எழுதுங்க.