நீரடிமுத்து (மரோட்டி) மரம்: அடையாளம் காண்பதும் எண்ணெயைப் பயன்படுத்துவதும்

கேட்டவர்: கோதையாற்றங்கரை

குமரி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிது நிலம் இருக்கிறது. அதன் எல்லையில் ஓடும் ஓடைக்கரையில் அடர்ந்த நிழலோடு நிற்கும் ஒரு மரத்தை ஊரார் மரோட்டி என்கிறார்கள். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் நீரடிமுத்து இதன் விதைதான் என்றும் சொல்கிறார்கள். மரத்தில் இப்போது காய்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் பக்கத்திலேயே நிற்கும், இலையில் எந்த வேறுபாடும் தெரியாத இன்னொரு மரம் ஒருமுறைகூடக் காய்த்ததில்லை.

என் பெரியப்பாவுக்குப் பல ஆண்டுகளாகக் காளாஞ்சகப்படை (சோரியாசிஸ்) உள்ளது. இந்த விதையை ஆட்டி எடுத்த எண்ணெயை மேலே பூசுவதோடு, நாள்தோறும் சில துளிகளைப் பாலில் கலந்து குடிக்கவும் வேண்டும் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். இம்மரம் நீரடிமுத்துதானா என்று எப்படி உறுதி செய்வது, எண்ணெயை உள்ளுக்குக் கொடுக்கலாமா, தொழுநோய்க்கு இதுவே ஒரு காலத்தில் மருந்தாக இருந்தது என்பது எந்த அளவுக்கு உண்மை என்பவற்றை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: சோலைக்காடு

காய்க்காத மரத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதே அடையாளத்துக்குப் பாதி விடையைத் தந்துவிடுகிறது. நீரடிமுத்தில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் வெவ்வேறு மரங்களில் பூக்கும். எனவே உங்கள் ஓடைக்கரையில் காய்க்காமல் நிற்பது பெரும்பாலும் ஆண்மரமாக இருக்கும். அதை வெட்டிவிட வேண்டாம். அருகில் ஆண்மரம் இருந்தால்தான் பெண்மரம் காய் பிடிக்கும்.

தாவரவியலில் இதன் பெயர் ஹிட்னோகார்பஸ் பென்டான்ட்ரஸ். பழைய மருந்து நூல்களில் ஹிட்னோகார்பஸ் வைட்டியானா, ஹிட்னோகார்பஸ் லாரிஃபோலியா என்ற பெயர்களில் வருவதும் இதே மரம்தான். முன்பு பிளக்கோர்ட்டியேசி குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது அக்காரியேசி குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இம்மரம், கொங்கணப் பகுதியிலிருந்து தெற்கே குமரி வரை, பசுமைமாறாக் காடுகளிலும் ஆற்றோரங்களிலும் கோயில் காவுகளிலும் வளர்கிறது. பொதுவாக 10 முதல் 15 மீட்டர் உயரம் வரும்.

இலைகள் கிளையின் இருபுறமும் மாறிமாறி அமைந்து, நீள்வட்டமாக, நுனியில் வால் போல நீண்டு முடியும். விளிம்பில் ரம்பப் பற்கள் தெரியும். காம்பு இலையோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்திருப்பதை விரலால் தடவிப் பாருங்கள். பூக்கள் சிறியவை, இலைக் கக்கத்தில் கொத்தாக வரும். காய் உருண்டையாக, 6 முதல் 10 செ.மீ. விட்டத்தில், கட்டை போன்ற கெட்டியான ஓட்டின் மேல் பழுப்பு நிற மென்மயிர் படர்ந்திருக்கும். உடைத்தால் சதைப்பற்றின் நடுவே, ஒன்றையொன்று நெருக்குவதால் பக்கங்கள் தட்டையாகிக் கோணல்பட்ட விதைகள் பல இருக்கும். விதையின் ஓட்டை நீக்கிப் பருப்பை நீளவாக்கில் பிளந்தால், எண்ணெய்ப் பசையுள்ள பருப்புக்குள் இதய வடிவில் காகிதம் போல மெல்லிய இரண்டு வித்திலைகள் தெரியும். புதிய விதையில் பருப்பு வெண்மையாகவும், நாள்பட்ட கடைச் சரக்கில் கரும்பழுப்பாகவும் இருக்கும். இவ்வளவும் பொருந்தினால் ஐயப்பட வேண்டியதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் இம்மரத்தின் இலைகளில்தான் முட்டையிடுகிறது. கருப்பு விளிம்பிட்ட செம்மஞ்சள் சிறகுகளோடு அது உங்கள் ஓடைக்கரையில் பறந்தால், அங்கே தென்படும் புழுக்களுக்கு எந்தப் பூச்சிமருந்தும் தெளித்துவிடாதீர்கள்.

மறுமொழி: மூலிகைமுற்றம்

சித்த மருத்துவம் பயின்று தொழில் செய்பவன் என்ற முறையில் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேராகவே விடை சொல்கிறேன். வீட்டில் ஆட்டிய நீரடிமுத்து எண்ணெயை உங்கள் பெரியப்பாவுக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது.

இது உணவு எண்ணெய் அன்று. வாய்வழி கொடுத்தால் கடுமையான குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கும். பழைய காலத்தில் நோயாளிகள் பலர் இம்மருந்தைத் தொடர முடியாமல் போனதற்கு அதுவே காரணம். இக்குடும்பத்து மரங்களில் சயனைடை வெளிவிடும் சேர்மங்கள் இருப்பதும் அறியப்பட்ட செய்தி. இதன் பழத்தை நீரில் இட்டு மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இருந்தது என்பதிலிருந்தே இதன் வீரியத்தை உணரலாம். நீரடிமுத்து வல்லாதி மெழுகு போன்ற சித்த மருந்துகளில் இது சேர்கிறது என்பது உண்மை. ஆனால் அவற்றில் ஒவ்வொரு சரக்குக்கும் நச்சு நீக்கும் சுத்தி முறை உண்டு, அளவு உண்டு, பத்தியம் உண்டு. மருத்துவர் நாடி பார்த்து, ஈரல், சிறுநீரகச் சோதனைகளையும் கவனித்துக் கொடுக்க வேண்டியவை அவை. பாலில் சில துளி என்பது எந்த முறையிலும் அடங்காது.

மேற்பூச்சு வேறு செய்தி. படை, சொறி, ஆறாத புண் ஆகியவற்றுக்கு இவ்வெண்ணெயை வெளிப்பூச்சாக நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறோம். ஆயினும் காளாஞ்சகப்படைக்கு ஓர் இயல்பு உண்டு: தோல் எரிச்சலுற்றோ கீறியோ புண்பட்ட இடத்தில் புதிய படை எழும். எனவே முதலில் முன்கையில் சிறிய இடத்தில் தடவி, எரிச்சலோ சிவப்போ வருகிறதா என்று பார்த்த பிறகே, அதுவும் அவருக்கு மருத்துவம் செய்பவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அவர் இப்போது சாப்பிடும் மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

தொழுநோயைப் பற்றிய மூன்றாவது கேள்விக்கு என்னால் இயன்ற விடை இது. சுசுருத சங்கிதை துவரகம் என்ற மரத்தைக் குட்டநோய்க்கும் (தொழுநோய் உள்ளிட்ட தோல் நோய்கள்) நீரிழிவுக்கும் சொல்கிறது. அம்மரங்கள் மேற்குக் கடற்கரையில், அலைக்காற்றில் அசைந்து நிற்பதாக அந்நூல் வருணிப்பது நம் மேற்கு மலை மரத்துக்கே பொருந்துகிறது.

மேலை மருத்துவத்துக்குள் இது நுழைந்த வழி வேறு. 1854இல் கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் பிரடெரிக் மூவாட், சால்மூக்ரா எண்ணெயைத் தொழுநோய்க்குப் பரிந்துரைத்து எழுதினார். அது வடகிழக்கிலும் பர்மாவிலும் வளரும் ஹிட்னோகார்பஸ் குர்சியின் எண்ணெய். 1904இல் லண்டனில் பிரடெரிக் பவர் அதிலிருந்து சால்மூக்ரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். ஐந்து கரியணுக்கள் சேர்ந்த வளையம் ஒன்று சங்கிலியின் முனையில் அமைந்த, வேறு எண்ணெய்களில் எளிதில் காணமுடியாத கொழுப்பு அமிலம் அது. அடுத்த ஆண்டே நம் நீரடிமுத்திலும் அதே வகை அமிலங்கள் இருப்பது நிறுவப்பட்டது. அதன் பிறகு இந்தியாவின் தொழுநோய் மருத்துவமனைகளில் இவ்வெண்ணெய் பெருமளவில் பயன்பட்டது.

இவ்வரலாற்றில் நான் மிகவும் மதிப்பவர் ஆலிஸ் பால். குடிக்கவும் முடியாமல், பிசுபிசுப்பால் ஊசிவழி உடலில் கலக்கவும் முடியாமல் இருந்த எண்ணெயின் அமிலங்களை எத்தில் எஸ்டர்களாக மாற்றி, ஊசிக்கு ஏற்றதாக்கும் முறையை ஹவாயில் கண்டறிந்த கறுப்பினப் பெண் வேதியியலாளர் அவர். 1916இல், 24 வயதில் மறைந்தார். அவர் பணியாற்றிய கல்லூரியின் தலைவரான ஆர்தர் டீன் அம்முறையைத் தம் பெயரில் வெளியிட்டார். 1922இல் மருத்துவர் ஹாரி ஹால்மன் அது ஆலிஸ் பாலின் முறை என்று எழுதியிருந்தும், ஹவாய்ப் பல்கலைக்கழகம் ஆலிஸுக்கு நினைவுப் பலகை வைக்க 2000ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அப்பலகை அங்குள்ள சால்மூக்ரா மரத்தில்தான் இருக்கிறது.

எண்ணெயால் தேறியவர்கள் இருந்தார்கள். நோய் திரும்பியவர்களும் பலர். 1941இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் சல்போன் என்னும் செயற்கை மருந்து வெற்றி கண்டதும் எண்ணெயின் காலம் முடியத் தொடங்கியது. அந்த மாற்றத்தில் நம் செங்கல்பட்டை அடுத்த திருமணி தொழுநோய் மருத்துவமனைக்கும் பங்கு உண்டு. 1940களில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அங்கே சல்போனை நோயாளிகளுக்கு ஊசியாகச் செலுத்திப் பயன் கண்டார். இன்று ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமைன் சேர்ந்த கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. உடலில் எங்கேனும் நிறம் வெளுத்து உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால், இம்மரத்தின் பழம்பெருமையை நம்பி ஒரு நாளும் காத்திருக்கலாகாது.

கேட்டவர்: கோதையாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. விதையைப் பிளந்து பார்த்தேன். சொன்னபடியே இதய வடிவ வித்திலைகள் இருந்தன. உள்மருந்து வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். கரையில் மேலும் சில கன்றுகள் வைக்க விரும்புகிறேன். விதையை எப்படி முளைக்க வைப்பது?

மறுமொழி: சோலைக்காடு

எண்ணெய் மிகுந்த விதை என்பதால் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும். கடையில் வாங்கியதை நம்பாமல், மரத்தடியில் புதிதாக விழுந்த பழத்தை உடைத்து, சதையைக் கழுவி நீக்கி, வெயிலில் காயவிடாமல் உடனே விதையுங்கள். ஆற்றுமணல் கலந்த மண்ணில், நிழலில், ஈரம் வற்றாமல் வைத்தால் போதும். பூக்கும் வரை ஆண், பெண் தெரியாது. ஆகவே ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் ஒரே கரையில் ஐந்தாறு கன்றுகளாவது வையுங்கள். மிஞ்சும் விதையை ஆட்டினால் எண்ணெய் விளக்குக்கு ஆகும். கேரளத்தில் காயோட்டைப் பாதியாக வெட்டி அதையே அகலாக வைப்பார்கள். பிண்ணாக்கைத் தென்னைக்கு உரமாக இடலாம், மாட்டுக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள்.