சீன ‘ச்சி’ அளவு எத்தனை சென்டிமீட்டர்? பாய் நெய்யத் தெரிய வேண்டும்

பத்தமடைப் பெண்:
உம்மா பட்டுப்பாய் நெய்கிறார்கள். ஷென்சென் நகரில் வேலை பார்க்கும் என் தம்பி, உடன் பணிபுரியும் பெண்ணின் பாட்டிக்காக ஒரு பாய் கேட்டிருக்கிறான். அளவு: நீளம் 5 ச்சி 4 த்சுன், அகலம் 2 ச்சி 7 த்சுன். வாப்பா அதை 5 அடி 4 அங்குலம் என்று எடுத்துக்கொண்டு, நீளம் 163 சென்டிமீட்டர் போதும் என்கிறார்கள். இணையத்தில் தேடினால் ஒரு ச்சிக்கு 33.33, 37.15, 30.3 என்று மூன்று கணக்கு வருகிறது.

அகலம் தவறினால் மீட்க வழியில்லை. கோரையின் நீளம்தான் பாயின் அகலம். நாங்கள் நடுவில் ஒட்டுப்போடுவதில்லை. ஊறவைத்துக் கீறிச் சாயமேற்றி இரண்டு மாதம் நெய்த பாயைப் பிறகு என்ன செய்வது?

அம்பைத் தச்சர்:
தங்கச்சி, வாப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஒரு அடிக்கு 12 அங்குலம். ஒரு ச்சிக்கு 10 த்சுன். ஆகவே உங்கள் நீளம் 5.4 ச்சி. நம் முழத்துக்கு 24 விரல் என்பதுபோல அவர்களுக்கு எல்லாம் பத்துப் பத்தாகப் போகும். 10 ச்சி ஒரு ஜாங்.

குவாங்சோவில் இருந்தவன்:
துணி வாங்க அங்கே ஆறு ஆண்டுகள் அலைந்தவன் நான். நீங்கள் பார்த்த மூன்று கணக்கும் சரியானவையே, இடம்தான் வேறு. சீனப் பெருநிலத்தில் 3 ச்சி சரியாக ஒரு மீட்டர். மூன்றால் வகுத்தால் முடிந்தது. அப்படியானால் உங்கள் பாய் 180க்கு 90 சென்டிமீட்டர். ஹாங்காங் ச்சி 37.15 சென்டிமீட்டர், அதாவது பதினான்கே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. தைவானில் ஜப்பானியர் ஆட்சிக்கால அளவு நின்றுவிட்டது, அங்கே 30.3. அந்தக் கணக்கில் உங்கள் நீளம் ஏறக்குறைய 164 வரும். வாப்பா சொன்ன அளவை ஒட்டி வருவதால் அதுதான் சரி என்று நம்பிவிட வேண்டாம்.

ஷென்சென் என்பதால் 33.33 என்றுதான் நானும் சொல்வேன். ஆனாலும் பாட்டி எந்த ஊரில் இருக்கிறார், எந்தக் கோலால் அளந்தார் என்று கேளுங்கள். ஷென்சென் ஹாங்காங்கின் எல்லையிலேயே இருக்கிறது.

பத்தமடைப் பெண்:
கேட்டேன் அண்ணா. பாட்டி இருப்பது ஹாங்காங்கில். வீட்டிலுள்ள பழைய மரக்கோலால் கட்டிலை அளந்திருக்கிறார். தம்பி அந்தக் கோலைச் சென்டிமீட்டர் டேப்பின் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொன்னான். ஒரு ச்சி 37 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. ஆகவே பாய் 200.6க்கு 100.3. நான் 90 என்று நினைத்து அளவு சொன்னதால் உம்மா நேற்றே கோரையை நறுக்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு கட்டு போய்விட்டது. மீதிக் கட்டுகளைப் பிரித்து, ஒரு மீட்டருக்கு மேல் நிற்கும் தாள்களை இப்போது இருவரும் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம்.