லேர்னிங் அவுட்கம்: ‘கற்றல் விளைவு’ வேண்டாம், ‘கற்றல் பேறு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

சட்டக் கல்லூரியின் நிறுமச் சட்டத் (கம்பெனிச் சட்டம்) தாளுக்குப் பாடத்திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘லேர்னிங் அப்ஜெக்டிவ்’, ‘லேர்னிங் அவுட்கம்’ இரண்டுக்கும் ‘கற்றல் நோக்கம்’ என்றே போட்டுவிடலாம் என்று நேற்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது ஒப்பவில்லை. ஆசிரியர் எதற்காக நடத்துகிறார் என்பது நோக்கம். பாடம் முடிந்தபின் மாணவருக்கு என்ன செய்ய வரும் என்பது வேறு.

தன் தொழிலை நிறுமமாக மாற்றிய சாலமன் என்பவரின் இங்கிலாந்து வழக்கை (1897) எடுத்துக்கொள்ளுங்கள். 20,007 பங்குகளில் 20,001 சாலமனிடமே இருந்தன. ஆனாலும் நிறுமத்தின் கடனுக்கு அவர் பொறுப்பல்ல என்று அங்கே அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. நிறுமம் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்பதே இதன் பொருள்; இதைத்தான் ‘தனிச் சட்ட ஆள்’ என்கிறோம். ‘நிறுமம் தனிச் சட்ட ஆள் என்பதை மாணவர் புரிந்துகொள்வார்’ என்று எழுதினால் அது நோக்கம். புரிந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது? ‘குடும்பத்தார் மட்டுமே பங்குதாரர்களாக உள்ள நிறுமம் நொடித்துப்போனால், கடன் கொடுத்தவர் யாரிடம் கேட்கலாம் என்று கட்சிக்காரருக்கு ஒரு பக்கத்தில் எழுதித் தருவார்’ என்றால் மதிப்பெண் போடலாம். இந்த இரண்டாவதுக்குத்தான் தனிச்சொல் தேவை.

தமிழ்நாட்டுப் பள்ளி வழக்கில் ‘கற்றல் விளைவு’ இருக்கிறது. சட்ட வகுப்பில் அது இடறும். 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 166ஆம் பிரிவு சொல்லும் கடமைகளை மீறும் இயக்குநருக்கு 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். எங்கள் மாணவருக்கு ‘விளைவு’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். பின்விளைவு, பக்கவிளைவு என்று பேச்சிலும் அந்தச் சொல் கெட்டதன் பக்கமே சாய்கிறது.

இலங்கை ஆசிரியர் வழிகாட்டிகளில் ‘கற்றற்பேறு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். பெறு என்பது பேறு ஆவது, கெடு கேடு ஆவதைப் போல, முதனிலை திரிந்த தொழிற்பெயர், அதாவது வினையின் முதலெழுத்து நீண்டு பெயரானது. கற்றுப் பெற்றது எது என்று சொல்லே கேட்கிறது. பேறு என்றால் தானாக வாய்ப்பது, மகப்பேறு நினைவு வரும் என்று மறுப்பு வரலாம். மகப்பேறு என்ன, பாடுபடாமல் கிடைப்பதா?

சரி, ‘கற்றற்பேறு’ என்று புணர்த்தி எழுதுவதா, ‘கற்றல் பேறு’ என்று பிரித்தா? முதலாண்டு மாணவர் தடுக்காமல் படிக்க வேண்டும் என்பதால் நான் பிரித்தே எழுதப் போகிறேன். இலங்கை நண்பர்கள் இதில் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதினால், பாடத்திட்டம் அச்சுக்குப் போகுமுன் திருத்திக்கொள்வேன்.